ஒரு ஆட்டம்னா ஒரு ஆட்டம்

கோல்ட்டர் வேன்ஸுக்கு ஒரு ஆட்டம் தடை என்று பெல்மோர் கல்லூரி அணியின் கோச் டாக்கெட் அறிவித்தபோது ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது. என்ன கண்டிப்பு, என்ன நேர்மை, நட்சத்திர ஆட்டக்காரன் என்றுகூடப் பார்க்கவில்லையே மனுஷன் என்று தேவாலய வாசலில் பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு ஆட்டம் எந்த ஆட்டம் என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தில் முதல் ஆட்டம் அது. எதிரணி லாட்டிமர் கல்லூரி. காசு வாங்கிக்கொண்டு வந்து, நன்றாக உதை வாங்கிக்கொண்டு, பேருந்தேறி ஊர்போய்ச் சேருகிற அணி. அவர்களை வேன்ஸ் இல்லாமல் என்ன, பாதி அணி இல்லாமலேயே ஜெயிக்கலாம். அலபாமாவில் கல்லூரி கோச்சுகள் எல்லோருக்கும் கைவந்த வித்தை இது. பையன் எவனாவது போலீஸில் மாட்டிக்கொண்டால், அட்டவணையில் ஒரு நோஞ்சான் அணியைத் தேடிப்பிடித்து அன்றைக்கு அவனை உட்காரவைத்துவிடுவார்கள்.

வெர்னாவுக்கும் இது தெரியும். கிளீட்டஸின் கோழி வறுவல் கடையில் இத்தனை வருஷம் தட்டு தூக்கியவளுக்கு ஆட்ட அட்டவணை தெரியாமல் இருக்குமா? இருந்தாலும் அந்த ஒரு ஆட்டத்தை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வேன்ஸ் உடைத்தது அவளுடைய தம்பி லாமரின் தாடையை. அம்மா போனபின் அக்காவும் தம்பியுமாக அந்தச் சின்ன வீட்டில் இருந்தார்கள்.

ஆகஸ்டு மாதம், மதுக்கடைக்கு வெளியே கார் நிறுத்துமிடத்தில் வேன்ஸைப் பார்த்ததும் லாமர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கை கொடுக்கப் போனான். கையோடு நிறுத்தியிருக்கலாம். வாயையும் கொடுத்தான். "இந்த வருஷம் கெஸ்லர் ஆட்டத்துக்குப் பந்துல கொஞ்சம் கோந்து தடவிக்கப்பா" என்றான். போன வருஷம் பரம எதிரியான கெஸ்லர் அணியுடன் ஆடும்போது, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்ட இரண்டடி இருக்கையில் வேன்ஸ் கையிலிருந்த பந்தை நழுவவிட்டு, கைக்கு வந்த ஆட்டம் போயிருந்தது. ஊரில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் சொன்னதை லாமர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். வேன்ஸ் திரும்பி ஒரே ஒரு குத்துதான் விட்டான். தாடை இரண்டு இடத்தில் போயிற்று. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் இறுக்கிக் கட்டி, ஆறு வாரம் வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வாந்தி வந்து மூச்சடைத்தால் கம்பியை வெட்டுவதற்கு ஒரு கட்டிங் பிளேயரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வெர்னா அதைச் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டு திரிந்தாள்.

வழக்கு இல்லாமல் இல்லை. ஆனால் நீதிபதி அதை ஜனவரிக்குத் தள்ளிவைத்தார். ஜனவரியில்தான் ஆட்டப் பருவம் முடிகிறது. நீதிபதி வீட்டு வாசலிலும் பெல்மோர் கொடிதான் பறந்தது. ஆக, வெர்னாவின் கைக்கு எட்டியது கோச் கொடுத்த அந்த ஒரு ஆட்டம் மட்டும்தான். அவருடைய அறிக்கையை அவள் வானொலியில் கேட்டாள். 'அணியின் விதிகளை மீறியதற்காக' என்று இருந்தது. தாடை என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. போகட்டும், ஒரு சனிக்கிழமை, எண்பதாயிரம் பேர் கத்துகிற மைதானத்தில், அவன் மட்டும் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும் என்று நினைத்தாள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதிலும் மண் விழுந்தது. வளைகுடாவிலிருந்து கிளம்பிய புயல் வெள்ளிக்கிழமையே கரையேறியது. சனிக்கிழமை ஆட்டம் ரத்து. லாட்டிமர்காரர்கள் பாதி வழியில் பேருந்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்த ஆட்டத்தை இன்னொரு நாள் வைக்கவும் இரண்டு கல்லூரிக்கும் தோது இல்லையாம். திங்கட்கிழமை கோச்சின் அலுவலகத்திலிருந்து அடுத்த அறிக்கை வந்தது: கோல்ட்டர் வேன்ஸ் தன் தண்டனையை முழுமையாக நிறைவுசெய்துவிட்டார், வரும் சனிக்கிழமை கெஸ்லருடன் ஆடுவார்.

வெர்னா அதை இரண்டு முறை வாசித்துப் பார்த்தாள். நடக்காத ஆட்டத்தில் ஆடாமல் இருந்ததற்குப் பெயர் தண்டனையாம்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோச்சின் வானொலி நிகழ்ச்சி. வாராவாரம் அது கிளீட்டஸின் கடையிலிருந்துதான் நேரடியாகப் போகும். மூலையில் ஒரு மேடை, அதில் கோச்சும் அறிவிப்பாளர் மெர்லும். கீழே ஊர்ப் பெரிய மனிதர்கள் கோழிக்கால் கடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள். மெர்ல் இறங்கிவந்து மேசை மேசையாக மைக்கை நீட்டுவார். கேள்வி என்று பேர்; பாதிப்பேர் கோச்சுக்கு ஆரத்தி எடுப்பார்கள். அன்றைக்கு ஒருவர் எழுந்து, "கோச், அந்த வேன்ஸ் விஷயத்துல நீங்க காட்டுன கண்டிப்பு இருக்கே, அதத்தான் எம் பேரன்கிட்ட தெனமும் சொல்றேன்" என்றார். கோச் பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பணிவைத்தான் வெர்னாவால் தாங்கமுடியவில்லை. கையிலிருந்த டீ ஜாடியை அந்தப் பெரியவரின் மேசையில் நங்கென்று வைத்தாள். மெர்லின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"கோச், எனக்கு ஒரு கேள்வி."

"சொல்லு கண்ணு. டீ தீந்துபோச்சா?" என்றார் கோச். கடை சிரித்தது.

"போன சனிக்கிழமை கோல்ட்டர் வேன்ஸ் எந்த ஆட்டத்துல ஆடாம உக்காந்தான்?"

"லாட்டிமர் ஆட்டத்துல."

"அப்படி ஒரு ஆட்டம் நடக்கவே இல்லையே."

"அட்டவணைல இருந்துச்சு. அவன் ஆடல. அதோட முடிஞ்சுது."

"அவன் மட்டுமா ஆடல? நானும்தான் ஆடல. இந்தா, மெர்லும் ஆடல. ஊரே மெழுகுவத்திய ஏத்தி வெச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருந்துச்சு. எங்களுக்கெல்லாம் எதுக்கு கோச் தண்டனை? நாங்க யார் தாடைய ஒடச்சோம்?"

பின்னால் யாரோ ஒருவர் தெரியாத்தனமாகச் சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்த மனைவி முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார். கோச்சின் கழுத்து சிவந்தது. இருபது வருஷமாகக் கோழிக்கால் வைத்தவள் தன்னிடம் கணக்குக் கேட்பாள் என்று அந்த மனுஷன் எதிர்பார்க்கவே இல்லை.

"ஓ. நீ அந்தப் பையனோட அக்காவா?" குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த விவகாரத்துல எங்க எல்லாருக்கும் வருத்தந்தாம்மா. அணியே ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கு."

"விவகாரம் இல்ல கோச், தாடை. ரெண்டு இடத்துல. ஒருவாட்டி தாடைன்னு சொல்லுங்க. இத்தன நாள்ல அந்த வார்த்த உங்க வாய்ல வந்து நான் கேக்கல."

அவ்வளவுதான். மூலையில் ஒருவன் தொடங்கினான்: "ஹீ... ஹா..." பெல்மோர் அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். யார் வைத்த பெயரோ. அணி புள்ளி எடுத்தால் மைதானத்தில் உள்ள அத்தனை பேரும் தலையை அண்ணாந்து, வாயை முழுசாகப் பிளந்து, கழுதையாகக் கத்துவார்கள். பாதிரியார் கத்துவார், பல் மருத்துவர் கத்துவார், நீதிபதியும் கத்துவார். இப்போது கடையே அவளைப் பார்த்துக் கத்தியது. அவள் தினமும் தட்டு வைக்கிற முகங்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வெர்னா மைக்கை விடவில்லை. அந்த இரைச்சலுக்குள்ளேயே, "கத்துங்க, நல்லாக் கத்துங்க. எந் தம்பியால கத்த முடியாது, அவனுக்கும் சேத்துக் கத்துங்க" என்றாள். அது மாநிலம் முழுவதும் வானொலியில் போனது.

கோச் கையை உயர்த்தினார். கத்தல் நின்றது. அந்த மனுஷனுக்குத் தோற்றுப் பழக்கமில்லை, அதிலும் நேரடி ஒலிபரப்பில்.

"எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார். "ராய்ஸ் டாக்கெட் குடுத்த வார்த்தைய யாரும் கொற சொன்னதில்ல. ஒரு ஆட்டம்னேன். ஒரு ஆட்டம்னா ஒரு ஆட்டம். சனிக்கிழமை வேன்ஸ் உக்காருவான். போதுமா தாயி?"

கடை முழுக்க ஒரு முனகல் ஓடியது. கெஸ்லர் ஆட்டத்தில் வேன்ஸ் இல்லையென்றால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். "போதும்" என்றாள் வெர்னா. ஜெயித்துவிட்டோம் என்றே அவள் நினைத்தாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் கிளீட்டஸ் அவளைச் சமையல்கட்டுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"ஏப்ரன கழட்டி வெச்சிட்டுப் போ."

"வேலைய விட்டு நிறுத்துறீங்களா?"

"நிறுத்தல. கொஞ்ச நாள் வராத."

"எத்தன நாள்?"

"தெரியாது. காலவரையின்றின்னு வெச்சுக்கயேன்." சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரியாக இருந்திருக்கவேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். "நீ நல்லவதான் வெர்னா. ஆனா இது கெஸ்லர் வாரம். ஒனக்கு வேற வாரமே கெடைக்கலியா?"

வெள்ளிக்கிழமை காலையில் வெர்னாவின் வீட்டு வாசலில் யாரோ இரண்டு பை குப்பையைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கடைத்தெருவில், அம்மாவோடு பாடல் குழுவில் பாடிய டெல்மா அவளைக் கண்டதும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள். லாமர் வேலைபார்த்த டயர் கடையிலிருந்து போன் வந்தது. தாடை சரியானாலும் அவசரப்பட்டு வரவேண்டாம், நிதானமாக வா என்றார்களாம். ஊருக்கே துரோகி ஆனாள் வெர்னா. வேன்ஸ் குத்தியதுகூட ஊருக்கு மறந்துவிட்டது. இவள் கேட்டதுதான் மறக்கவில்லை.

இதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தம்பி பேசாததுதான் வலித்தது. கடைசியில் வெள்ளிக்கிழமை மத்தியானம், அவள் மிக்ஸியில் அடித்துக் கொடுத்த சூப்பை உறிஞ்சு குழாயால் கலக்கிக்கொண்டே வாயைத் திறந்தான். திறந்தான் என்றா சொல்வது? கட்டிய பல்லுக்கு நடுவிலிருந்து சீறினான்.

"ஒன்ன யாரு கேக்கச் சொன்னா?"

"என்னடா சொல்ற?"

"நான் கேட்டனா? எனக்காகப் பேசுன்னு ஒங்கிட்ட வந்து அழுதனா? அவன் இல்லாம கெஸ்லர எப்படிக்கா ஜெயிக்கறது? போன வருஷமே போச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா ஊரு என்னப் பாத்துத்தான் துப்பும்."

"ஒடஞ்சது ஒன் தாடைடா, மடையா!"

"தாடை ஒட்டிக்கும். கெஸ்லர் ஆட்டம் வருஷத்துல ஒருவாட்டிதான் வரும்."

வெர்னாவுக்குக் கிண்ணத்தோடு சூப்பை அவன் தலையில் கவிழ்க்கலாம் போல இருந்தது. "குத்து வாங்குனப்போ வராத ரோஷம் இப்ப வருதா? நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?" என்று கத்தினாள். அவன் பதிலுக்குக் கத்தமுடியாமல் மேசையைக் குத்தினான். சூப் இருவர்மேலும் சிந்தியது. யாரும் துடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆட்டம். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. வெர்னாவுக்குப் போக வேலை இல்லை, லாமருக்குப் போக மைதானம் இல்லை. அந்த முகத்தோடு அங்கே போனால் இன்னொரு தாடை தேவைப்படும். இருவரும் ஒரே சோபாவில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு, தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். லாமர் அணியின் செம்மஞ்சள் தொப்பியைப் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் ஏதாவது சொல்ல அவளுக்கு வாய் துடித்தது.

வேன்ஸ் பெஞ்சில்தான் இருந்தான். ஆனால் முழு உடுப்பில் இருந்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். தடை விதிக்கப்பட்டவனுக்கு எதற்கு ஹெல்மெட் என்று வெர்னாவுக்கு லேசாக உறுத்தியது. கேமரா அவனை அடிக்கடி காட்டியது. அவன் கையைக் கட்டிக்கொண்டு, மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் கேட்டது அப்படியே கிடைத்திருந்தது. பார்க்கப் பார்க்க நெஞ்சில் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தது. பக்கத்தில் தம்பி ஒவ்வொரு முறை கெஸ்லர் முன்னேறும்போதும் அவளைத் திரும்பிப் பார்த்து முறைத்தான். பாதி ஆட்டம் முடியும்போது பெல்மோர் பதினான்கு புள்ளி பின்தங்கியிருந்தது.

இடைவேளைக்குப் போகிற வழியில் ஒரு நிருபர் பெண் கோச்சை மடக்கினாள்.

"கோச், ரெண்டாவது பாதியில கோல்ட்டர் வேன்ஸ எதிர்பார்க்கலாமா?"

"எதிர்பார்க்கலாமே."

"ஆனா இன்னிக்கு உக்காருவார்னு சொல்லியிருந்தீங்களே?"

"உக்காருவான்னேன். உக்காந்தான். நாடே பாத்துச்சு." கோச் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எவ்வளவு நேரம்னு யாரும் கேக்கலியே."

வெர்னா எழுந்துவிட்டாள். "அடப்பாவி! ஒரு ஆட்டம்னா ஒரு ஆட்டம்னு வாய் கிழியச் சொன்னானே! ஊரே கேட்டுச்சே!" தான் 'போதும்' என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. முழு ஆட்டமுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டாமா? வேலை போயிற்று, வாசலில் குப்பை விழுந்தது, கூடப்பிறந்தவன் முகம் கொடுக்கவில்லை. அத்தனையும் கொடுத்து அவள் வாங்கியது அரை ஆட்டம். "பாத்தியாடா? பாத்தியா அந்தப் பொய்யன?" என்று தம்பி பக்கம் திரும்பினாள்.

லாமர் சோபாவின் நுனிக்கு வந்திருந்தான். "ஷ்" என்றான்.

இரண்டாவது பாதியில் வேன்ஸ் இறங்கினான். முதலில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஓடினான். கெஸ்லர் ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து அவனை மண்ணில் சாய்த்தார்கள், எழுந்தான். ஒரு முறை கோட்டைக் கடந்தான். பிறகு இன்னொருவன் கடந்தான். புள்ளி சமமாயிற்று. கடைசி நிமிஷங்களில் போன வருஷம் போலவே ஆயிற்று: அதே பக்கம், கோட்டுக்கு இரண்டடி. வேன்ஸ் பந்தை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்த மனிதச் சுவருக்குள் பாய்ந்தான். மேலே நான்கு பேர் விழுந்தார்கள். நடுவர் விசில் ஊதி ஒவ்வொருவராக விலக்கியபோது அவன் கோட்டுக்கு அந்தப்பக்கம் கிடந்தான். பந்து அவன் கையில் இருந்தது.

தெரு முழுக்க, வீட்டுக்கு வீடு, கழுதைக் கத்தல் எழுந்தது. அதே சத்தம், வியாழக்கிழமை அவள் முகத்தில் அறைந்த சத்தம். வெர்னா காதைப் பொத்திக்கொள்ளப் போனாள். அப்போதுதான் பக்கத்திலிருந்தும் கேட்டது.

லாமர் எழுந்து நின்று தலையை அண்ணாந்திருந்தான். வாய் திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, கட்டிய பல்லுக்கு நடுவே, மூக்கு வழியாக, "ஹ்ஹீ... ஹ்ஹா..." என்று இழுத்தான். வலியில் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஈறிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வந்து மோவாயில் நின்றது. நேற்றிலிருந்து பேசாதவன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"பந்த விடல பாத்தியா! அக்கா, ரெண்டு கையாலயும் புடிச்சான் பாத்தியா! நான் சொன்னது ஒறச்சிருக்குக்கா அவனுக்கு!"

வெர்னா அவனையே பார்த்தாள். அவன் முகத்தில் பெருமை வழிந்தது. இந்த ஜெயத்தில் தனக்கும் பங்கு உண்டு என்கிற பெருமை.

"அக்கா, அந்தக் கட்டிங் பிளேயர எடு."

"எதுக்குடா? மூச்சு அடைக்குதா?"

"இல்லக்கா. முன்னாடி ரெண்டு கம்பிய மட்டும் வெட்டி விடு. ஒரேயொரு வாட்டி வாயத் தொறந்து கத்திக்கறேன். ஊரே கத்துதுக்கா."

கட்டிங் பிளேயர் அவள் சட்டைப்பையில்தான் இருந்தது. அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். தம்பி கையை நீட்டிக்கொண்டு நின்றான். வெளியே இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"முடியாது" என்றாள் வெர்னா. "ஆறு வாரம்னா ஆறு வாரம்."

அவன் கெஞ்சினான், திட்டினான், பிறகு தொலைக்காட்சி பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சட்டைப்பையைப் பிடித்தபடியே சோபாவில் உட்கார்ந்தாள்.